லட்சம் கிலோமீட்டர் ஓடும் டயர் எனக்கு எதற்கு?

போன அக்டோபர் கடைசியில் திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகும்போது விராலிமலை தாண்டியதும் சரியான மழை. வண்டி 2018 மாடல் ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ. எண்பதுக்குக் கொஞ்சம் மேலே போய்க்கொண்டிருந்தேன், ரோட்டில் இடது பக்கம் தண்ணீர் தேங்கி நின்றதைப் பார்ப்பதற்குள் அதற்குள்ளேயே போய்விட்டேன், ஒரு நொடி ஸ்டியரிங் கையில் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. திருப்பினால் வண்டி திரும்பவில்லை. பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தது என் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், உண்மையில் பயத்தில் கால் தானாக மேலே வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த மாமனார் "என்ன மாப்ள, தூக்கமா?" என்றார். ஆமாம் மாமா என்று சொல்லிவிட்டேன். டயர் தண்ணீர் மேல் மிதந்தது என்று விளக்கிக்கொண்டிருக்கும் நிலையில் நான் இல்லை.

துவரங்குறிச்சியில் டீக்கு நிறுத்தியபோது குனிந்து பார்த்தேன். டயரில் பட்டன், அதாவது ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டங்கள், இருந்தது. மொட்டை டயர் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு மாதம் முன்புதான் பஞ்சர் கடையில் "இன்னும் பத்தாயிரம் தாராளமா ஓடும் சார்" என்று சொல்லியிருந்தார்கள். ஊருக்கு வந்ததும் பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தின் ஆழம் அளக்க 150 ரூபாய்க்குச் சின்ன கேஜ் ஒன்று வாங்கி அளந்து பார்த்தால் முன் டயர்கள் 2.2, 2.4 மில்லிமீட்டர், பின்னால் இரண்டும் 3-க்குப் பக்கம். புது டயரில் இது 7 அல்லது 8 இருக்கும். சட்டப்படி 1.6 மி.மீ. வரை ஓட்டலாம், டயரின் பள்ளத்துக்குள்ளே அந்த உயரத்துக்குக் குறுக்கே சின்ன மேடு வைத்திருப்பார்கள், பட்டன் தேய்ந்து அதோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. நான் அந்த மேட்டைப் பார்த்துத்தான் நிம்மதியாக இருந்தேன். காய்ந்த ரோட்டுக்கு அது போதும். தேங்கிய தண்ணீரை வாரிப் பக்கவாட்டில் தள்ளுவதற்கு அந்தப் பள்ளம்தான் வேண்டும், 2 மில்லிமீட்டரில் எவ்வளவு தண்ணீர் போகும்? மழைக்காலத்துக்கு முன்னால் 3 மி.மீ.க்குக் கீழே இருந்தால் மாற்றிவிடுவது என்று இப்போது எனக்கு நானே விதி போட்டிருக்கிறேன்.

அதைவிட முக்கியம், பக்கச்சுவரில் முடி மாதிரி மெல்லிய வெடிப்புகள். தேதியைப் பார்த்தேன். டி.ஓ.டி. என்று ஆரம்பிக்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம், அதில் முதல் இரண்டு எந்த வாரம், அடுத்த இரண்டு எந்த வருஷம். என்னுடையதில் 2918, அதாவது 2018-ன் 29-ஆவது வாரம். ஏழு வருஷம் தாண்டிய ரப்பர். வண்டி ஓடியது வெறும் 46,000 கி.மீ. வருஷத்துக்கு 6,500 வருகிறது, அலுவலகத்துக்கு ஸ்கூட்டர், கார் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும்.

இந்த 6,500 என்ற எண்ணைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கடைகளில் யாரும் இதைக் கேட்கவில்லை, ஒருவரைத் தவிர.

மொத்தம் மூன்று கடை ஏறினேன். முதல் கடை ஏசி, கண்ணாடிக் கதவு, காபி மெஷின். ஸ்விஃப்ட் என்றதுமே பையன் "சார் 185 போட்டுடலாம், ரோட் கிரிப் அள்ளும்" என்றான். விஎக்ஸ்ஐக்குக் கம்பெனி கொடுக்கும் அளவு 165/80 ஆர்14. அகலம் 165 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 80 சதவீதம், ரிம் 14 அங்குலம். அவன் சொன்னது 185/70 ஆர்14. கணக்குப் போட்டால் பழையது மொத்த உயரம் 619.6 மி.மீ., இது 614.6, ஐந்து மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஆகவே தப்பான அளவு என்று சொல்ல மாட்டேன், நிறைய பேர் போட்டு ஓட்டுகிறார்கள். ஆனால் நான் தண்ணீரில் மிதந்துவிட்டு வந்திருப்பவன். மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தால் அகலமான டயர்தான் தண்ணீரில் சீக்கிரம் மிதக்கும், பலகை மாதிரி. மைலேஜும் கொஞ்சம் இறங்கும், ஸ்டியரிங்கும் கனக்கும். இதையெல்லாம் சொன்னதும் அவன் 175/70 என்று ஒன்றை எடுத்தான். அதன் உயரம் 600.6 மி.மீ., மூன்று சதவீதம் குட்டை, ஸ்பீடாமீட்டர் நூறு காட்டும்போது வண்டி 97-ல் போகும், ஸ்பீட் பிரேக்கரில் அடி தட்ட ஆரம்பிக்கும். நம் ரோட்டுக்கு 80 சீரிஸ் மாதிரி நல்ல விஷயம் கிடையாது என்பது என் எண்ணம், பார்க்க ஒல்லியாக, ஆட்டோ டயர் மாதிரி இருக்கும், இருக்கட்டுமே. என் அக்கா பையன் அவன் வண்டிக்கு அலாய் மாற்றி பட்டையாக டயர் போட்டான், ஆறு மாதத்தில் ஒரு பள்ளத்தில் ரிம் வளைந்தது, இப்போது சனிக்கிழமை தோறும் காற்று பிடிக்கிறான்.

இரண்டாவது கடையில் ஆஃபர். ஒரு டயருக்கு 700 ரூபாய் குறைவு. ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததே, அதனால்தான் போலிருக்கிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். டயரை உருட்டிக்கொண்டு வந்தார்கள், வெளிப்பக்கம் பார்த்தேன், தேதி இல்லை. முழு எண் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும், சரி திருப்புங்கள் என்றேன். கடைக்காரர் திருப்பவில்லை. நான் திருப்பினேன். 1522. மூன்றரை வருஷம் குடோனில் தூங்கிய டயர். "இது 2022 தயாரிப்பாச்சேங்க" என்றால் "அது பேட்ச் நம்பர் சார்" என்கிறார். முகத்தில் ஒரு சலனம் இல்லை! டயரை நிழலில் ஒழுங்காக வைத்திருந்தால் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் பழையது ஒன்றும் ஆகாது, அதற்காகச் சண்டை போட வேண்டாம். மூன்றரை வருஷம் பழையதை வாங்கினால் ஏழு வருஷம் ஆகிவிட்டதே என்ற பயத்தில் டயர் மாற்றப் போகிறவனுக்குப் பாதி ஆயுள் கடையிலேயே முடிந்திருக்கும். பழைய ஸ்டாக் என்று சொல்லி 700 குறைத்திருந்தாலாவது மரியாதை, பேட்ச் நம்பர் என்றதும் எழுந்து வந்துவிட்டேன்.

மூன்றாவது பாலக்கரை பக்கம் ஒரு பாய் கடை. நான் சொல்ல வந்தது இந்தக் கடையைப் பற்றித்தான். உட்கார ஒரே ஒரு பெஞ்ச், அதிலும் ஒரு கால் ஆட்டம். பாய்க்கு அறுபதுக்கு மேல் இருக்கும். வண்டியைப் பார்த்துவிட்டு விலை சொல்லாமல் கேள்வி கேட்டார்: வருஷத்துக்கு எவ்வளவு ஓடும், வெயிலில் நிற்குமா ஷெட்டா, பெரும்பாலும் டவுனா ஹைவேஸா, எத்தனை பேர் ஏறுவீங்க. 6,500 என்றதும் சிரித்தார். "அப்புறம் எதுக்கு தம்பி உங்களுக்கு லட்சம் கிலோமீட்டர் டயரு?"

உண்மையில் நான் அதைத்தான் மனதில் வைத்துப் போயிருந்தேன். சியட் மைலேஸ் எக்ஸ்3, குட்இயர் அஷ்யூரன்ஸ் டியூராபிளஸ் 2 எல்லாம் ஒரு லட்சம் கி.மீ. என்ற வாக்கோடுதான் விற்பனைக்கு வருகின்றன. டாக்ஸி ஓட்டுபவருக்கு அது சரி, ஒன்றரை வருஷத்தில் லட்சம் தொட்டுவிடுவார், அவருக்குக் கிலோமீட்டருக்கு எத்தனை பைசா என்பதுதான் கணக்கு. என் ஓட்டத்துக்கு லட்சம் வர பதினைந்து வருஷம் ஆகும். அதற்கு ரொம்ப முன்னாலேயே ரப்பர் காய்ந்து வெடித்துவிடும், நான் வாங்கிய ஆயுளில் பாதியைக்கூட உபயோகிக்காமல் தூக்கிப் போடுவேன். அதிகம் தேயாத ரப்பர் பொதுவாகக் கெட்டியான ரப்பர், கெட்டியான ரப்பர் ஈர ரோட்டில் அவ்வளவாகப் பிடிக்காது. சிலிகா அது இது என்று சேர்த்து இரண்டையும் கொண்டுவரப் பார்க்கிறார்கள், ஆனால் நாலாயிரத்துச் சொச்ச ரூபாய் டயரில் ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க முடியும். என்னை மாதிரி ஞாயிற்றுக்கிழமை டிரைவர்கள் எல்லாம் தேயாத டயரைத் தேடித் தேடி வாங்கி, உபயோகப்படாத ஆயுளுக்குப் பிடிமானத்தைக் கொடுத்துவிட்டு வருகிறோம். இவ்வளவு வருஷம் எனக்கும் இது உறைக்கவில்லை.

பாய் இரண்டு டயர்களை எடுத்துப் பக்கச்சுவரில் சாக்பீஸால் வட்டம் போட்டுக் காட்டினார். சில டயர்களில் தேய்மானத்துக்கு ஒரு எண், டிராக்‌ஷனுக்கு ஒரு எழுத்து, சூட்டுக்கு ஒரு எழுத்து என்று போட்டிருப்பார்கள். தேய்மான எண் பெரிதாக இருந்தால் மெதுவாகத் தேயும், ஆனால் அந்த எண்ணை ஒவ்வொரு கம்பெனியும் தானே போட்டுக்கொள்வதால் ஒரு கம்பெனியின் 400-ஐ இன்னொரு கம்பெனியின் 400-ஓடு வைத்துப் பார்ப்பதில் பெரிய அர்த்தம் இல்லை. டிராக்‌ஷன் எழுத்து ஈர ரோட்டில் நேராகப் பிரேக் பிடிப்பதை வைத்து வருவது, ஏஏ, ஏ, பி, சி என்று இறங்கும். நான் கேட்டு வந்த நீண்ட ஆயுள் டயரில் பி, அவர் பக்கத்தில் வைத்ததில் ஏ. விலை 150 ரூபாய் கூட. அதற்குப் பக்கத்தில் 85டி என்று இருந்தது: 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும், டி என்றால் 190 கி.மீ. வேகம் வரை. கம்பெனி டயரில் இருந்ததற்குக் குறையாமல் இருந்தால் போதும், 190-ல் போகப் போவது யார். ஐ.எஸ்.ஐ. முத்திரை, அப்புறம் தேதி, 3425. இரண்டு மாதப் பழசு.

என்ன பிராண்ட் என்று சொல்லாமல் போகிறானே என்று திட்டுவீர்கள். திருச்சிக்காரனுக்கு டயர் என்றால் எம்.ஆர்.எஃப்.தான், பெரம்பலூர் போகும் வழியில் நாரணமங்கலத்தில் ஃபேக்டரியைப் பார்த்துக்கொண்டே போகிறவர்கள், என் வீட்டில் அதைத்தவிர வேறு பேரைச் சொன்னால் அப்பா சந்தேகமாகப் பார்ப்பார். அப்போலோ ஒரகடத்தில், மிஷெலின் தேர்வாய் கண்டிகையில், ஜே.கே. ஸ்ரீபெரும்புதூரில் என்று பாதிப் பேர் நம் மாநிலத்தில்தான் டயர் செய்கிறார்கள். எல்லாரிடமும் தேயாத டயரும் உண்டு, பிடிக்கும் டயரும் உண்டு, சத்தம் போடாத டயரும் உண்டு. பேரைச் சொன்னால் அந்தப் பேரில் இருக்கும் ஏதோ ஒரு டயரை வாங்கிவிட்டு என்னைத் திட்டுவீர்கள்.

மச்சான் போனில் "முன்னாடி ரெண்டு மட்டும் மாத்துங்க, பின்னாடி நல்லாத்தானே இருக்கு" என்றான். பாயிடம் கேட்டேன். ரெண்டுதான் போடுவதென்றால் புதுசைப் பின்னால் போடுவேன் என்றார். முன் வீல் டிரைவ் வண்டிக்கு இது தலைகீழாகத் தெரியும், அவர் சொன்ன காரணம் இது: முன்னால் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், வேகம் குறைந்ததும் ஸ்டியரிங் திரும்பக் கைக்கு வந்துவிடும், அன்றைக்கு எனக்கு வந்த மாதிரி. பின்னால் வழுக்கினால் வண்டி பம்பரமாகச் சுற்றும், நம்மைப் போன்றவர்களால் பிடிக்க முடியாது. பெரிய டயர் கம்பெனிகளும் இதையேதான் சொல்கின்றன, நம் ஊர்க் கடைகளில் பாதிக்கு மேல் முன்னால்தான் மாட்டுகிறார்கள். எனக்கு நாலுமே வயசானதுதான், நாலையும் மாற்றினேன்.

மாட்டியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பையன் ரிம்மின் விளிம்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துருவை எடுத்தான், சோப் பேஸ்ட் தடவினான், பழைய வால்வைப் பிடுங்கிப் போட்டுப் புது வால்வு இழுத்தான். வால்வு அறுபது ரூபாய், பல கடைகளில் இதை மாற்றுவதே இல்லை, ஏழு வருஷ ரப்பர் வால்வோடு புது டயரை ஓட்டிவிட்டுக் காற்று இறங்குகிறது என்று டயரைக் குறை சொல்வோம். டயரில் சின்னதாக ஒரு மஞ்சள் புள்ளி இருந்தது. அது டயரின் எடை குறைந்த இடம், வால்வுக்கு நேராக வரவேண்டும். மூன்று வீலில் அப்படியே வைத்தான், நாலாவதில் பேச்சு சுவாரசியத்தில் மறந்துவிட்டான் போலிருக்கிறது, பேலன்சிங் மெஷினில் ஏற்றினால் வீலைச் சமப்படுத்த 45 கிராம் எடை கேட்டது. ஈயக்கட்டியை எடுக்கக் கை போனது. பாய் பெஞ்சிலிருந்து "டேய், இறக்குடா" என்றார். திரும்பக் காற்றை இறக்கி, டயரை ரிம்மில் அரைச் சுற்றுத் திருப்பி, காற்றடித்து ஏற்றினால் 15 கிராம். 45 கிராம் கட்டியை அடித்து அனுப்பியிருந்தாலும் வண்டி ஆடியிருக்காது, எனக்குத் தெரிந்தும் இருக்காது. இதற்காகத்தான் இந்தக் கடைக்கு நான் ஆள் அனுப்புகிறேன்.

அலைன்மென்ட்டில், அதாவது வீல்கள் நேராக நிற்கின்றனவா என்று பார்த்ததில், முன் இடது வீல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தது, பழைய டயரின் உள்ஓரம் மட்டும் வழித்த மாதிரி தேய்ந்திருந்ததற்குக் காரணம் அப்போதுதான் தெரிந்தது. செய்வதற்கு முன், பின் இரண்டு அளவும் உள்ள பிரிண்ட் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கேட்டால்தான் தருகிறார்கள்.

செலவு: டயர் 4,450 வீதம் நாலுக்கு 17,800. அலைன்மென்ட் 450, பேலன்சிங் 400, கட்டிகள் 180, வால்வு 240. மொத்தம் 19,070, பழைய டயர் நாலுக்கும் 1,000 கழித்து 18,070. பில்லில் நாலு டயரின் சீரியல் நம்பரையும் எழுதச் சொன்னேன், வாரண்டி என்று போய் நின்றால் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். அந்த வாரண்டியும் பொதுவாகத் தயாரிப்புக் குறைக்குத்தான், பள்ளத்தில் விட்டுப் பக்கச்சுவரில் கட்டி கிளம்பினால் பெரும்பாலும் கிடைக்காது.

கடையில் குறை இல்லாமல் இல்லை. சொன்ன நேரம் ஒரு மணி, ஆனது மூன்றரை மணி, நடுவில் ஒரு லாரிக்காரர் வந்ததும் என் வண்டி ஜாக்கியிலேயே அம்போ என்று நின்றது. நைட்ரஜன் அடித்துக்கொள்ளுங்கள் என்று பாயே கேட்டது எனக்கு ஆச்சரியம், சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதானே பாய் என்றேன், "மெஷின் வாங்கிட்டேன் தம்பி, என்ன பண்றது" என்றார், அதற்கு மேல் நான் பேசவில்லை, வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். இன்னொன்று கொஞ்சம் சீரியஸ். பையன் நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கினான், வீட்டில் வந்து வண்டியோடு வந்த ஸ்பேனரில் கழற்றிப் பார்த்தால் அசையவில்லை, மேலே ஏறி நின்றாலும் அசையவில்லை. நடுராத்திரி துவரங்குறிச்சியில் பஞ்சரானால் என்ன செய்வது? திரும்பப் போய்ச் சொன்னதும் கையாலே தளர்த்தித் திரும்பக் கையாலேயே இறுக்கிக் கொடுத்தார்கள். நீங்கள் போனால் கடைசி இறுக்கு கையால் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

காற்றும் நட்டு மாதிரிதான், எந்தக் கடையிலும் கேட்காமல் நாலுக்கும் 35 அடிப்பார்கள். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும், அதில் உள்ள அளவு, காலையில் டயர் சூடாகும் முன். டயரில் பொறித்திருப்பது அது தாங்கும் அதிகபட்ச அளவு, அதைப் பார்த்துக் காற்று பிடிக்காதீர்கள்.

ஸ்டெப்னி விஷயத்தில் நான் கஞ்சத்தனம் செய்தேன், ஒப்புக்கொள்கிறேன். அதுவும் 2018 தயாரிப்பு, ஒரு தடவைகூடத் தரையைத் தொடாதது, பளபளவென்று இருக்கிறது. ரப்பருக்கு வயசு ஆகிவிட்டது என்று தெரிந்தும் மனசு வரவில்லை. பஞ்சர் கடை வரைக்கும் மெதுவாகப் போக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதைப் போட்டுக்கொண்டு மெட்ராஸ் போகாதீங்க என்று பாய் சொல்லியிருக்கிறார்.

இப்போது 2,100 கி.மீ. ஓடியிருக்கிறது. முதல் முந்நூறு கிலோமீட்டர் மெதுவாகத்தான் ஓட்டினேன், புது டயரின் மேல் அச்சிலிருந்து வந்த வழவழப்பு போக வேண்டும். அதற்குப் பிறகு டிசம்பர் மழையில் அதே மதுரை ரோடு, மாமனாரும் அதே சீட்டில், வேகம் எழுபது. தேங்கிய தண்ணீர் வந்தது, சர்ரென்று இரண்டு பக்கமும் விசிறி அடித்தது, ஸ்டியரிங் கையிலேயே இருந்தது. மாமனார் தூங்கிக்கொண்டிருந்தார். நாற்பது, ஐம்பதில் சொரசொரப்பான ரோட்டில் பழையதைவிட லேசாக ஒரு ஊங்காரம் கேட்கிறது, பாட்டு போட்டால் தெரியாது. மைலேஜ் அரை கிலோமீட்டர் குறைந்த மாதிரி தோன்றுகிறது, புது டயருக்கு முதலில் அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள், பார்க்கலாம்.

எட்டாயிரத்தில் முன்னும் பின்னும் மாற்றிப் போட வரச் சொல்லியிருக்கிறார், என் ஓட்டத்துக்கு அது அடுத்த வருஷம் ஆகும். போகிறவர்கள் காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள், லாரிகள் அதற்கு மேல்தான் வரும். வெள்ளிக்கிழமை மதியம் கடை பூட்டியிருக்கும்.